2 டன் ஃபோர்க் ஏன் 400 கிலோவைத் தூக்கல?

போன செமஸ்டர் லீவில் பொள்ளாச்சி பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா சின்னதா ஒரு நார் மில் வைத்திருக்கிறார். தேங்காய் மட்டையில் நார் பிரித்த பிறகு மிஞ்சுகிற துகளை 5 கிலோ கட்டிகளாக அழுத்தி, மரப் பேலட்டில் அடுக்கி, ஏற்றுமதி செய்பவர்களுக்குக் கொடுப்பார்கள். இத்தனை நாளும் கட்டிகளை லாரியில் ஏற்றியது ஆட்கள்தான். ஃபோர்க்லிஃப்ட் வாங்கும் அளவுக்கு வேலை இல்லை. வாங்கினாலும் அதன் சின்னச் சக்கரம் அந்த மண் களத்தில் ஓடாது. அதனால் வீட்டில் இருந்த மினி டிராக்டரின் முன்னாடி லோடர் மாட்டி, பக்கெட்டுக்குப் பதிலாகப் பேலட் ஃபோர்க் போட்டிருந்தார்கள்.

ஃபோர்க்கில் '2000 கிலோ' என்று அச்சு குத்தியிருந்தது. "இருக்கறதுலயே கனமானதா பாத்து வாங்கிட்டோம்ல" என்று அண்ணனுக்குப் பெருமை.

நான் போன இரண்டாம் நாள் 75 கட்டி அடுக்கிய பேலட்டைத் தூக்கினார்கள். பலகையோடு சேர்த்து 400 கிலோ. தரையிலிருந்து ஓரடி எழும்பியது. அதற்கு மேல் போகவே இல்லை. "சரி, லாரிகிட்ட போய்ப் பாத்துக்கலாம்" என்று அண்ணன் குடோன் சரிவில் வண்டியை இறக்கினான். பாதிச் சரிவில் வண்டி தன்பாட்டுக்கு வழுக்க ஆரம்பித்தது. பிரேக்கை ஏறி மிதித்தும் நிற்கவில்லை. சட்டென்று லீவரைத் தள்ளி ஃபோர்க்கைத் தரையில் ஊன்றினான். கட்டிகள் சிதறின, டிராக்டர் நின்றது. கீழே லாரி ஓரமாக நின்றிருந்த அக்காவுக்கும் டிராக்டருக்கும் நடுவே நாலடி இருந்திருக்கும், அவ்வளவுதான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயந்திரம் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, நீ இன்ஜினியருக்குத்தான படிக்கற? ரெண்டு டன்னுன்னு எழுதியிருக்குது, நானூறு கிலோவத் தூக்க மாட்டேங்குது. பிரேக்கும் நிக்கல. என்னன்னு பாரு சாமி."

நாலு செமஸ்டர் மெக்கானிக்கல் முடித்தவனுக்கு இது மானப் பிரச்சினை. ரெண்டு நாள் டேப்பும் நோட்டுமாக உட்கார்ந்து கண்டுபிடித்ததுதான் இந்தக் கட்டுரை. டிராக்டர் லோடருக்குப் பேலட் ஃபோர்க் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு முதல் வருஷ மெக்கானிக்ஸ் புத்தகமே போதும். நம்புங்கள், அதில் படித்தது ஒன்றும் வீணில்லை.

அந்த 2000 யாருடைய எண்?

இங்கே மூன்று பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள்: ஃபோர்க், லோடர், டிராக்டர். மூன்று பேருக்கும் தனித்தனி எல்லை உண்டு. ஃபோர்க் எவ்வளவு எடைக்கு வளையாமல் தாங்கும்? லோடரின் ஹைட்ராலிக் எவ்வளவு தூக்கும்? டிராக்டர் எவ்வளவு வரைக்கும் குப்புறச் சாயாமல் நிற்கும்? மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எண். ஃபோர்க்கில் குத்தியிருக்கும் 2000 இரும்பின் பலத்தைச் சொல்கிறது. அதைத் தூக்கும் கை எவ்வளவு பலசாலி என்று அந்த இரும்புக்குத் தெரியாது.

ஃபோர்க் எண்ணுடன் ஒரு தூரமும் சேர்ந்தே வரும். ஃபோர்க் எல் எழுத்து வடிவத்தில் இருக்கும். நிமிர்ந்து நிற்கும் பகுதியின் முன்முகத்திலிருந்து சுமையின் எடை மையம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்தத் தூரம். லோட் சென்டர் என்பார்கள். இந்த அளவு ஃபோர்க்குக்குப் பொதுவாக 500 மில்லிமீட்டர், அமெரிக்க அளவில் 24 அங்குலம். 1000 மில்லிமீட்டர் ஆழமுள்ள பேலட்டில் சரக்கைச் சீராக அடுக்கினால் மையம் சரியாக 500-இல் விழும். மையம் தள்ளிப் போகப் போக, தாங்கும் எடை குறையும்.

லோடரின் கணக்கு

லோடர் கேட்டலாக்கில் 'தூக்கும் திறன்' என்று ஒரு எண் போட்டிருக்கும். பெரும்பாலும் அது பின் அளவில் சொன்னது. அதாவது பக்கெட்டோ ஃபோர்க்கோ மாட்டுகிற அந்தப் பின்னிலேயே எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தூக்கும் என்ற எண். நிஜத்தில் யாரும் அங்கே எடை தொங்கவிடுவதில்லை. நல்ல கேட்டலாக்கில் பின்னுக்கு 500 மில்லிமீட்டர் முன்னால் எவ்வளவு என்று இன்னொரு எண்ணும் இருக்கும். நமக்கு வேண்டியது அதற்குப் பக்கத்தில் வருகிற எண்தான்.

பெரியப்பா லோடருக்குப் பின் அளவில் முழு உயரத்துக்கு 600 கிலோ. லோடர் கையின் பின்பக்கக் கீலிலிருந்து இந்தப் பின் வரை டேப்பில் 1.7 மீட்டர். கையைக் கிடைமட்டமாக வைத்து, தோராயமாகத் திருப்புத்திறன் போட்டால் 600 × 1.7 = 1020. இதன் அலகு கிலோவும் மீட்டரும் பெருக்கியது. 'கிலோ மீட்டர்' என்று எழுதினால் பொள்ளாச்சியிலிருந்து ஊட்டி போகிற தூரம் மாதிரி ஆகிவிடும் என்பதால் சும்மா 'அலகு' என்கிறேன்.

லோடரிடம் மொத்தம் 1020 அலகு இருக்கிறது. இதை எங்கெங்கே செலவு செய்கிறோம் என்று பாருங்கள்.

முதல் செலவு, ஃபோர்க்கின் சொந்த எடை. அண்ணன் வாங்கிய கனமான ஃபோர்க்கும் சட்டமும் சேர்ந்து 180 கிலோ. அதன் மையம் பின்னுக்குச் சுமார் 0.4 மீட்டர் முன்னால் இருக்கிறது. கீலிலிருந்து பார்த்தால் 2.1 மீட்டர். 180 × 2.1 = 378 அலகு போச்சு. ஒரு கட்டிகூட வைக்காமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி.

மீதி 642. பேலட்டின் மையம் எங்கே? சட்டத்தின் தடிமனெல்லாம் சேர்த்துப் பின்னிலிருந்து 0.8 மீட்டர், கீலிலிருந்து 2.5 மீட்டர். 642 ÷ 2.5 = 257 கிலோ.

ஆக '2000 கிலோ' ஃபோர்க்கை, '600 கிலோ' லோடரில் மாட்டினால் முழு உயரத்துக்குத் தூக்குவது 257 கிலோ. தாழ்வான உயரத்தில் பெரும்பாலான லோடர்களுக்குப் பலம் கொஞ்சம் கூடுதல். அதனால்தான் 400 கிலோ ஓரடி எழும்பி, அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது அதே லோடரில் 100 கிலோ எடையுள்ள இலகு ரகத்தைப் போட்டுப் பாருங்கள். செலவு 210 அலகு. மீதி 810 ÷ 2.5 = 324 கிலோ. கனத்தைக் குறைத்ததால் ஒவ்வொரு தடவையும் 67 கிலோ, அதாவது 13 கட்டி கூடுதலாகத் தூக்கலாம். 'எதுக்கும் கனமானதா வாங்கிடு' என்பது கட்டிலுக்கும் பீரோவுக்கும் சரி. லோடர் ஃபோர்க்குக்கு அது நேர் எதிரான புத்தி.

இலகுவானது வளைஞ்சிடாதா?

பெரியப்பாவின் அடுத்த கேள்வி இது. நியாயமான கேள்வி. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்த கேன்டிலீவர் பீம்தான் ஃபோர்க். அகலம் 100, தடிமன் 30 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். செக்‌ஷன் மாடுலஸ், அகலத்தைத் தடிமனின் வர்க்கத்தால் பெருக்கி 6-ஆல் வகுத்தால், 15,000 கன மில்லிமீட்டர். 400 கிலோ சுமையில் ஒரு ஃபோர்க்குக்கு 200 கிலோ. 500 மில்லிமீட்டர் தூரத்தில் அது தரும் வளைவுத் தகைவு சுமார் 65 மெகாபாஸ்கல். ஃபோர்க் செய்யும் எஃகு வளைந்து நிரந்தரமாகக் கோணுவதற்குப் பல நூறு மெகாபாஸ்கல் வேண்டும். குழியில் விழுந்து வண்டி குதித்து, சுமை மூன்று மடங்கானாலும் 200-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். 30 மில்லிமீட்டரே தாராளம்.

40 மில்லிமீட்டருக்குப் போனால் தகைவு 37 ஆகக் குறையும், சந்தோஷம். ஆனால் எஃகின் எடையும் மூன்றில் ஒரு பங்கு ஏறும். தேவையே இல்லாத பலத்துக்குத் தினமும் 13 கட்டி வாடகை கொடுப்பது போல.

நீளத்திலும் இதே கதை. சந்தையில் 36, 42, 48 அங்குல ஃபோர்க்குகள் கிடைக்கின்றன. சுமையின் ஆழத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது ஃபோர்க் உள்ளே போக வேண்டும் என்பது நடைமுறை விதி. 1200 × 1000 பேலட்டை 1000 ஆழத்தில் நுழைத்துத் தூக்கினால் 36 அங்குலம், அதாவது 914 மில்லிமீட்டர், நன்றாகவே போதும். 1200 ஆழத்தில் நுழைக்க வேண்டியிருந்தால் 42 அங்குலம். 48 வாங்கி 1000 ஆழப் பேலட்டில் நுழைத்தால் முனை அந்தப் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் இருக்கும் பேலட்டைக் குத்திக் கிழிக்கும். அல்லது அதையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும்.

எதில் மாட்டுவது?

சந்தையில் ரொம்ப மலிவாக ஒரு வகை கிடைக்கும். பக்கெட்டைக் கழற்றாமல் அதன் உதட்டிலேயே திருகி மாட்டுகிற கிளாம்ப் ஃபோர்க். பார்க்க வசதி. கணக்குப் போட்டால் வயிறு எரியும். 120 கிலோ பக்கெட் அங்கேயே இருக்கிறது. 40 கிலோ கிளாம்ப் ஃபோர்க் அதற்கும் முன்னால். பேலட்டின் மையம் இன்னும் அரை மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடுகிறது. எங்கள் லோடருக்குப் போட்டுப் பார்த்ததில் மிஞ்சியது சுமார் 225 கிலோ. 180 கிலோ கனரகத்தை விடவும் மோசம். போதாததற்கு ஒரு பக்கம் எடை கூடினால் பக்கெட் உதடு முறுக்கிக்கொள்ளும். எப்போதாவது நாலு கம்பம் தூக்க வேண்டுமென்றால் சரி, தினசரி வேலைக்கு வேண்டாம்.

பக்கெட்டைக் கழற்றிவிட்டு மாட்டும் சட்டம்தான் சரியான வழி. வாங்கும்போது இரண்டு பொருத்தங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, சட்டம் லோடரோடு சேரும் இடம். ஸ்கிட் ஸ்டீயர் வண்டிகளுக்காக வந்த குவிக் அட்டாச் தகடு இன்று அமெரிக்காவில் காம்பாக்ட் டிராக்டர்களுக்கும் பரவிவிட்டது. அந்த இணைப்புக்கு ஐஎஸ்ஓ 24410 என்ற தரமே இருக்கிறது. சில கம்பெனிகள் தங்களுக்கென்று தனிக் கொக்கி வைத்திருக்கும். உங்கள் லோடரில் எது என்று போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டு, ஃபோர்க் சட்டத்தில் தொங்கும் இடம். இதற்கு ஐஎஸ்ஓ 2328. அதில் கிளாஸ் 2 என்பது 1000 முதல் 2500 கிலோ வரையிலான வகை; சட்டத்தின் உயரம் 407 மில்லிமீட்டர். இந்த அளவில் சட்டம் வாங்கினால், நாளைக்கு ஃபோர்க் மட்டும் மாற்ற வேண்டி வந்தாலும் எங்கேயும் கிடைக்கும்.

பிரேக் ஏன் நிற்கவில்லை?

இனி பயமான பகுதி.

முன் அச்சை ஒரு சீசாவின் நடுக்கட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பேலட், மறுபக்கம் டிராக்டர். ஊர் எடைமேடையில் முன்சக்கரம், பின்சக்கரம் தனித்தனியாக ஏற்றி எடை எடுத்தோம். டிராக்டர் ஆளோடு 1100 கிலோ, மையம் முன் அச்சுக்கு 0.95 மீட்டர் பின்னால்: 1045 அலகு. லோடரும் ஃபோர்க்கும் 400 கிலோ, மையம் 0.5 மீட்டர் முன்னால்: கழித்தல் 200. மிச்சம் 845. இரு அச்சுக்கும் இடைவெளி 1.6 மீட்டர். ஆக காலியாக நிற்கும்போது பின் அச்சில் 528 கிலோ.

400 கிலோ பேலட்டைத் தூக்குங்கள். அதன் மையம் முன் அச்சிலிருந்து 1.6 மீட்டர், கழித்தல் 640. மிச்சம் 205 அலகு. பின் அச்சில் 128 கிலோ. சமதளத்திலேயே இந்த நிலை.

குடோன் சரிவு எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம். மொத்தம் 1900 கிலோ, அதன் மையம் தரையிலிருந்து 0.8 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், சரிவு மட்டுமே 190 அலகைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் 15. பின் அச்சில் 9 கிலோ! ஒரு சின்னப் பையன் நின்றால்கூட அதைவிட அதிகம் அழுத்துவான்.

மினி டிராக்டர்களில் பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களில் மட்டும்தான். தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி என்ன பிரயோஜனம்? பிரேக் சரியாகத்தான் வேலை செய்தது. பிடித்துக்கொள்ளத் தரைதான் இல்லை. அன்று நாலு சக்கர ஓட்டத்தையும் போடவில்லை. போட்டிருந்தால் பின் அச்சும் முன் அச்சும் கியர் வழியாகச் சேர்ந்திருக்கும், பின்னால் பிடிக்கிற பிரேக் முன்சக்கரத்தையும் பிடித்திருக்கும். லோடரோடு சரிவில் இறங்கும்போது நாலு சக்கர ஓட்டத்தைப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

பக்கவாட்டிலும் ஒரு ஆபத்து உண்டு. டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரு பின்னில் ஊசலாடும். அதனால் வண்டி நிற்கும் தளம் செவ்வகம் இல்லை. இரண்டு பின்சக்கரமும் அந்தப் பின்னும் சேர்ந்த முக்கோணம். எடையை முன்னால் கொண்டுபோகப் போக முக்கோணத்தின் குறுகிய நுனிக்குப் போகிறோம். உயர்த்தித் தூக்கி, திரும்பவும் செய்தால் சாய்வதற்கு ஒரு கல் போதும்.

இதற்கு மருந்து பின்னால் எடை. மூன்று முனை இணைப்பில் 300 கிலோ கான்கிரீட் பெட்டி மாட்டினால், அது பின் அச்சுக்கு 0.7 மீட்டர் பின்னால், முன் அச்சிலிருந்து 2.3 மீட்டர். 690 அலகு திரும்பக் கிடைக்கிறது. அதே 400 கிலோ சுமையில் சமதளத்தில் பின் அச்சில் 559 கிலோ, சரிவில் 420-க்கு மேல். கூடவே முன் அச்சில் 131 கிலோ சுமை இறங்குகிறது. முன் டயருக்கும் பேரிங்குக்கும் ஆயுள். ஃபோர்க் வாங்கும்போதே எதிர் எடைக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். அது தனிச் செலவில்லை, ஃபோர்க்கின் மறுபாதி. சரிவில் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கட்டும்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில்.

தலைக்கு மேல்

ஃபோர்க்லிஃப்டில் ஃபோர்க் நேராக மேலே போகும். லோடர் கை வட்டமாகச் சுழல்கிறது. கை உயர உயர, ஃபோர்க் தானாகவே ஓட்டுநர் பக்கம் சாயும். மேல் வரிசைக் கட்டிகள் வழுக்கினால் விழுவது ஓட்டுநர் மடியில். ஆகவே சட்டத்தில் உயரமான பின்தடுப்பு கட்டாயம் வேண்டும். அது தகடாக இல்லாமல் கம்பிச் சட்டமாக இருந்தால் ஃபோர்க் முனை எங்கே நுழைகிறது என்று சீட்டிலிருந்தே தெரியும். தானாக மட்டம் பிடிக்கும் லோடர் கிடைத்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் தூக்கும்போதே லீவரால் கொஞ்சம் கொஞ்சமாக மட்டம் சரிசெய்து பழக வேண்டும். கட்டிகளைச் சுற்றிப் பட்டை போடாமல் தூக்கவே கூடாது.

பழைய ஃபோர்க் வாங்கலாமா?

வாங்கலாம், அளந்து பார்த்து. படுக்கைப் பகுதி நிமிர்ந்த பகுதியோடு சேரும் மடிப்பில்தான் தேய்மானமும் விரிசலும் வரும். அங்கே தடிமன் 10 சதவீதம் தேய்ந்திருந்தால் ஐஎஸ்ஓ 5057 தரப்படி அதை ஒதுக்க வேண்டும். 10 சதவீதம் சின்னதாகத் தோன்றும். ஆனால் பலம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.9 × 0.9 = 0.81. பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயாச்சு. விரிசலுக்கு மேல் வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்து விற்பார்கள். ஃபோர்க் எஃகு வெப்பச் சிகிச்சை செய்தது. ஊர்ப் பட்டறை வெல்டிங்கில் அந்தக் குணம் போய்விடும். மடிப்பில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

கடைசியில் என்ன ஆச்சு?

கனமான ஃபோர்க்கைக் கொடுத்துவிட்டு, பெரியப்பா 42 அங்குல இலகு ரகம் மாற்றிக்கொண்டார். கொஞ்சம் நஷ்டம்தான். டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டி, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டிப் பின்னால் எதிர் எடை செய்தோம். 75 கட்டிப் பேலட்டை விட்டுவிட்டு 50 கட்டிப் பேலட்டுக்கு மாறினார்கள். பலகையோடு 275 கிலோ. 324-க்குக் கீழே நல்ல இடைவெளி. நடை கூடும் என்று அண்ணன் முதலில் முனகினான். இப்போது பேலட் முழு உயரத்துக்கு எழும்பி நேராக லாரித் தளத்தில் உட்காருவதால் அந்த முனகல் நின்றுவிட்டது.

நான் கிளம்பும் நாள் காலையில் பெரியப்பா டிராக்டர் பக்கத்தில் பெயிண்ட் டப்பாவோடு நின்றிருந்தார். புது ஃபோர்க்கில் குத்தியிருந்த எண்ணின் மேல் ஒரு கோடு அடித்துவிட்டு, ஓட்டுகிறவன் கண்ணில் படும்படி லோடர் கையில் வெள்ளையில் பெருசாக எழுதியிருந்தார்: '50 கட்டி'.